ஊசி ரெண்டா தெரியுது

தலைப்பைப் பார்த்துட்டு தையல் குறிப்புன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த பதிவு இது. வழக்கமா பிரியாணி, பாலாறு, மூடிப்போன சினிமா கொட்டகைன்னு ஓட்டிக்கிட்டு இருக்கறவன் நான். இன்னிக்கு கொஞ்சம் கனமான விஷயம். போன வாரம் எங்க தெருவுல ஒரு பையனுக்கு பத்து நாளா தலை நோவு. 'வெயில்ல சுத்தறான், அதான்'னு அவங்கம்மா சாதாரணமா சொன்னாங்க. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. இனியும் எழுதாம இருந்தா தப்புன்னு தோணிச்சு.

கொசுவத்தியை 2019க்கு சுத்திக்கோங்க. ஜோலார்பேட்டையிலேர்ந்து மெட்ராசுக்கு ரயில்ல தண்ணி போச்சே, அந்த ஜூலை மாசம்.

எங்க ஊர் ஆம்பூர். நெடுஞ்சாலையில போறவங்க பிரியாணிக்கு வண்டியை நிறுத்துவாங்க, அப்புறம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஏறிப் போவாங்க :-) அந்த வாடைதான் எங்களுக்குச் சோறு. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு எங்க பக்கம் முழுக்க தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும்தான். நானும் ஒரு தோல் கம்பெனியில கணக்கு எழுதறவன். என் சித்தி பொண்ணு ஒரு ஷூ கம்பெனியில தையல் மிஷின்ல இருந்தா. அப்போ அவளுக்கு வயசு 23. வீட்டுல எல்லாருக்கும் பாப்பா. இங்கேயும் பாப்பாவாவே இருக்கட்டும்.

சித்தப்பா இல்லாத வீடு. காலையில ஆறரைக்கு கம்பெனி பஸ் ஏறினா ராத்திரி ஏழுக்குத்தான் வருவா. அந்த ஜூலை நடுவுல 'தலை நோவுது'ன்னு ஆரம்பிச்சா. யாரும் ஆச்சரியப்படலை. மிஷினுக்குப் பக்கத்து டேபிள்ல நாலு பேர் நாள் முழுக்க சொல்யூஷன் தடவி ஒட்டிக்கிட்டு இருப்பாங்க. அந்த வாடைக்கு தலை நோவாதவங்கதான் அதிசயம். 'கொஞ்ச நாள் தைலம் தேய், சரியாப் போவும்'னு சித்தி சொல்லிச்சு. நானும் அதையேதான் சொன்னேன்.

இந்த வியாதியோட முதல் தந்திரமே இதுதாங்க. அது கொண்டு வர்ற ஒவ்வொரு தொல்லைக்கும் நம்ம கையில ஏற்கெனவே ஒரு காரணம் தயாரா இருக்கும். தலைநோவா? சொல்யூஷன் வாடை. சோறு இறங்கலையா? பித்தம். சோர்ந்து கிடக்கறாளா? ஓவர்டைம். சாயங்காலமானா லேசா உடம்பு காயுதா? ஊரே காய்ச்சல்ல கிடக்கு, இவளுக்கும் வந்திருக்கு. ஒவ்வொண்ணும் நியாயமான காரணம்தான். எல்லாத்தையும் ஒரு சீட்டுல வரிசையா எழுதி, பக்கத்துல தேதி போட்டுப் பார்க்கத்தான் எங்க வீட்டுல ஆள் இல்லை. தினமும் கணக்கு எழுதற நானே எழுதலை.

பக்கத்துல ஒரு கிளினிக். ரத்தம் எடுத்தாங்க. வைடால் டெஸ்ட் பாசிட்டிவ், டைபாய்டுன்னு சொல்லி ஆஃப்ளாக்சசின் மாத்திரை எழுதினாங்க. அஞ்சாறு நாள்ல காய்ச்சல் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்பாடான்னு உட்கார்ந்தோம். மாத்திரை முடிஞ்சு மூணாவது நாள் திரும்பவும் காய்ச்சல், தலைநோவு, கூடவே வாந்தி.

பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது: டைபாய்டு சகஜமா இருக்கற ஊர்ல, முன்னாடி எப்பவோ வந்துபோன காய்ச்சலுக்குக்கூட ஒரு வைடால் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம். அதோட, ஆஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்கு டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கற சக்தி உண்டு. கிருமி சாகாது, கொஞ்சம் அடங்கும். நாம குணமாயிடுச்சுன்னு நினைச்சுப்போம். அந்த டாக்டர் மேல எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்துல நான் உட்கார்ந்திருந்தாலும் டைபாய்டுன்னுதான் சொல்லியிருப்பேன். எங்க ஊர்ல நூறு பேர் காய்ச்சல்னு வந்தா, அதுல மூளையில டிபி இருக்கறவங்க ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க. அபூர்வமா வர்றதாலதான் அது யார் கண்ணுக்கும் படறதில்லை.

ஆகஸ்ட் 5. வேலூர் தொகுதிக்கு மட்டும் தனியா எம்பி எலெக்‌ஷன் நடந்த நாள். ஓட்டுப் போட்டுட்டு வந்த பாப்பா விரலைக் காட்டி, "அண்ணா, மை ரெண்டு விரல்ல வெச்ச மாதிரி தெரியுது"ன்னு சிரிச்சா. நாங்களும் சிரிச்சோம். 'கள்ள ஓட்டு போட்டியா'ன்னு கிண்டல் பண்ணினது நான்தான். மறுநாள் கம்பெனியிலேர்ந்து மத்தியானமே திரும்பி வந்துட்டா. "மிஷின்ல ஊசி ரெண்டா தெரியுதுண்ணா. எதைப் பார்த்து தைக்கறதுன்னே தெரியல."

கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். பவர் பார்த்து, பிரேம் எடுத்து, 1,400 ரூபாய் குடுத்து கண்ணாடி மாட்டிவிட்டேன். இடது கண்ணு லேசா மூக்குப் பக்கமா திரும்பியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மூளைக்கு அடியில சேர்ற பசை மாதிரியான அழற்சியும், தலைக்குள்ள ஏறற அழுத்தமும், கண்ணை வெளிப்பக்கம் திருப்பற நரம்பைத்தான் பல பேருக்கு முதல்ல பிடிக்குமாம். கண்ணாடி போட்டா அது தீருமா?

அந்த வார சனிக்கிழமை ராத்திரி பாப்பா சித்தியைப் பார்த்து, "நீங்க எந்த செக்‌ஷன்?"னு கேட்டா.

சித்தி எனக்கு போன் பண்ணுச்சு. "பாப்பா ஒரு மாதிரியா கீறாப்பா. சம்பந்தம் இல்லாம பேசறா. காத்து கீது அடிச்சிருக்குமா?" ஞாயித்துக்கிழமை முழுக்க அதுலயே போச்சு. மந்திரிக்கற பெரியவர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் நெத்தியில கை வெச்சுட்டு உடனே எடுத்துட்டார். "இது என் வேலை இல்லப்பா, நெருப்பா கொதிக்குது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னார். அந்த ஒரு மாசத்துல எங்களுக்கு சரியான வழி சொன்ன முதல் ஆள் அவர்தான். சிரிக்காதீங்க, நிஜம்.

மறுநாள் பக்ரீத். ஊரே கடை அடைச்சிருக்கு, மினி லாரியில ஆட்டுத்தோல் வந்து இறங்கிக்கிட்டு இருக்கு, நாங்க 108ல வேலூருக்குப் போறோம். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போது, "பாப்பா"ன்னு கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து, "ம், வந்துட்டோமா?"ன்னு கேட்டா. அந்த 'வந்துட்டோமா'வை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆஸ்பத்திரியில சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க. ஒரு மணி நேரம் கேள்விதான். தலைநோவு எப்ப ஆரம்பிச்சது, காய்ச்சல் காலையிலயா சாயங்காலமா, எடை குறைஞ்சுதா, வீட்டுல, பஸ்ல, கூட வேலை செய்யறவங்கள்ல யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா. நான் செய்யாத கணக்கை அவங்க ஒரு தாள்ல எழுதினாங்க. நாலு வாரம்னு கூட்டி கீழே கோடு போட்டாங்க. சிடி ஸ்கேன் எடுத்தாங்க. மூளைக்குள்ள தண்ணி தேங்க ஆரம்பிச்சிருக்கு, ஆனா முதுகுல தண்ணி எடுக்கறது பாதுகாப்புதான்னு சொல்லி, "டிபி மெனிஞ்சைட்டிஸா இருக்கும்னு சந்தேகப்படறோம். முதுகுத் தண்ணி எடுத்துப் பார்க்கணும். கையெழுத்து போடுங்க"ன்னாங்க.

நான் போடலை.

இதை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆச்சு. சித்தப்பா இடத்துல இருந்து கையெழுத்து போட வேண்டியவன் நான். "முதுகுல ஊசி குத்தினா கை கால் விளங்காமப் போயிடும்"னு வார்டுல யாரோ சொன்னாங்க. "எனக்கு ஆபரேஷன்ல குத்தினது, இன்னி வரைக்கும் இடுப்பு நோவுது"ன்னு இன்னொரு அம்மா. கல்யாணம் ஆகாத பொண்ணு. அதுவும் டிபியா? இருமலே இல்லையே. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருக்கே. தோள்ல பிசிஜி தழும்பு இருக்கே. டாக்டரம்மாகிட்ட போய் பெரிய புத்திசாலி மாதிரி கேட்டேன்:

"டிபிதான்னு நிச்சயமா சொல்ல முடியுமா மேடம்?"

"முடியாது சார். தண்ணி எடுத்தாலும் நிச்சயமா வரும்னு சொல்ல முடியாது. ஆனா வேற கிருமியா, காளானா, வைரஸான்னு பிரிச்சுப் பார்க்க அதை விட்டா வழி இல்லை."

'நிச்சயம் இல்லைன்னு அவங்களே சொல்றாங்க, அப்புறம் எதுக்குக் குத்தணும்'னு வெளியே வந்து சித்திகிட்ட சொன்னேன். பொதுவான ஆன்டிபயாடிக் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு நாள் பார்க்கலாமேன்னு முடிவு பண்ணினேன். செவ்வாய் போச்சு. புதன் சாயங்காலம் "பாப்பா"ன்னு கூப்பிட்டேன். கண் திறக்கலை. தோளைத் தட்டினேன். திறக்கலை. நர்ஸ் வந்து நல்லா அழுத்திக் கிள்ளினதும் முகத்தைச் சுளிச்சா, இடது கை அசையலை. ஓடிப்போய் கையெழுத்து போட்டேன். பேனா எழுதலை, இன்னொருத்தர்கிட்ட வாங்கிப் போட்டேன்.

குத்தினது இடுப்புக்கிட்ட. தண்டுவடம் முடிஞ்சு போற இடத்துக்குக் கீழேதான் குத்தறாங்கன்னும், அதனால கை கால் போறதுங்கற பயத்துக்கு இடமில்லைன்னும் அவங்க படம் போட்டு விளக்கினது திங்கட்கிழமையே. என் காதுல ஏறினது புதன்கிழமை.

அன்னிக்கு ராத்திரியே ரிப்போர்ட். வெள்ளணு நிறைய, அதுல பெரும்பகுதி லிம்போசைட். புரதம் ஏறியிருக்கு, சர்க்கரை இறங்கியிருக்கு. டிபி கிருமி தேடின ஸ்லைடு: நெகட்டிவ். மறுநாள், அதான் வேலூர் மாவட்டத்தை மூணா பிரிக்கப் போறதா அறிவிச்ச ஆகஸ்ட் 15, சிபிநாட் டெஸ்ட் ரிப்போர்ட் வந்துச்சு. அதுவும் நெகட்டிவ். ஆனா முந்தின ராத்திரியே டாக்டரம்மா டிபி மருந்தையும் ஸ்டீராய்டையும் ஆரம்பிச்சிருந்தாங்க.

எங்க வீட்டு ஜனம் கொதிச்சுப் போச்சு. "ரெண்டு டெஸ்ட்லயும் இல்லைன்னு வந்திருக்கு, இல்லாத நோய்க்கு ஒரு வருஷம் மாத்திரையா?" ரெண்டு நாள் அடிபட்டதால இந்த தடவை நான் வாயை மூடிக்கிட்டு விஷயத்தைக் கேட்டேன். எனக்குப் புரிஞ்சதை என் பாஷையில சொல்றேன்.

நுரையீரல் டிபியில சளியில கிருமி கூட்டம் கூட்டமா இருக்கும். முதுகுத் தண்ணியில அப்படி இல்லை, அங்கொண்ணு இங்கொண்ணுதான். மைக்ராஸ்கோப்புல கண்ணுல படணும்னா ஒரு மில்லிக்கு ஆயிரக்கணக்குல இருக்கணும். அதனால பெரும்பாலானவங்களுக்கு ஸ்லைடு நெகட்டிவாத்தான் வரும். நிறைய தண்ணி எடுத்து, பொறுமையா அரைமணி நேரம் தேடினா கிடைக்கற வாய்ப்பு கூடுமாம். சிபிநாட் மாதிரி மரபணு டெஸ்ட்டுங்க வந்தது பெரிய முன்னேற்றம். முதுகுத் தண்ணிக்கு முதல் டெஸ்ட்டா அதையே செய்யுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2013ல சொல்லிடுச்சு, 2017ல இன்னும் நுணுக்கமான அல்ட்ரா வகையும் வந்தது. ஆனா இது எதுல நெகட்டிவ் வந்தாலும் 'நோய் இல்லை'ன்னு அர்த்தம் இல்லை. 'தேடினோம், சிக்கலை'ன்னு மட்டும்தான் அர்த்தம்.

கிருமியை வளர்த்துப் பார்க்கற கல்ச்சர் டெஸ்ட் இருக்கு. நம்ம வயித்துல இருக்கற சாதாரண பாக்டீரியா இருபது நிமிஷத்துல ரெண்டாகும். டிபி கிருமி ரெண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கும். அது வளர்ந்து கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்கு ஆகும். நோயாளிக்கோ வாரக்கணக்கு கிடையாது. நிச்சயத்துக்காகக் காத்திருந்தா, நிச்சயம் வர்றப்போ ஆள் இருக்க மாட்டாங்க. அதனால தேதி, தண்ணி, ஸ்கேன் மூணையும் சேர்த்து வெச்சு, சந்தேகத்து மேலயே டாக்டர் மருந்தை ஆரம்பிக்கணும்.

உலகம் முழுக்க இதுதான் நிலைமை. எடின்பரோவுல ராபர்ட் விட்ங்கற மருத்துவர் இந்த நோயை விவரிச்சு எழுதின புத்தகம் வந்தது 1768ல. முதுகுல ஊசி குத்தி தண்ணி எடுக்கற முறையை குவின்கே சொன்னது 1891ல. 1940கள்ல ஸ்ட்ரெப்டோமைசின் வர்ற வரைக்கும் இது வந்தா சாவுதான். 2010ல பல நாட்டு நிபுணர்கள் உட்கார்ந்து இந்த நோய்க்கு ஒரு பொது இலக்கணம் எழுதினாங்க. அதுலயே 'உறுதி', 'அநேகமாக', 'இருக்கலாம்'னு மூணு படி வெச்சாங்க. பெரிய நிபுணர்களே 'இருக்கலாம்'னு ஒரு படி வெச்சிருக்காங்க, நான் ஆம்பூர்லேர்ந்து போய் நிச்சயமான்னு கேட்டேன். ஸ்டீராய்டு சேர்த்துக் குடுத்தா சாவு குறையும்னு காட்டின பெரிய ஆய்வு வியட்நாம்ல 545 பேர்கிட்ட நடந்து 2004ல வெளிவந்தது.

பிசிஜி தழும்பு? சின்னக் குழந்தைங்களை மூளை டிபியிலேர்ந்து காப்பாத்தறதுல அது கெட்டிக்கார ஊசி, கண்டிப்பா போடணும். பெரியவங்களுக்கு அந்தக் காவல் நிக்காது. 1968ல ஆரம்பிச்ச நம்ம செங்கல்பட்டு ஆய்வே, பெரியவங்க நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கலைன்னு காட்டிச்சு. தோல் கம்பெனி வேலையால வந்துச்சான்னும் கேட்டேன். "இல்லை சார், யாரோ இருமின காத்துல வந்தது. எப்பவோ உள்ளே போய் தூங்கிக்கிட்டு இருந்திருக்கும்"னாங்க.

ஆகஸ்ட் 17, பாப்பாவுக்கு ஆபரேஷன். மூளையில தேங்கற தண்ணியை வயித்துக்கு இறக்கிவிடற ஷன்ட் ட்யூப் வெச்சாங்க. அப்புறம் ராத்திரி ராத்திரியா இதைப் பத்தியே படிச்சுக்கிட்டு இருந்தப்போதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. இந்த நோயில தலையில தண்ணி கோத்தவங்களை எத்தனை மோசமா இருக்காங்கன்னு தரம் பிரிக்க, உலகத்துல பல பேர் பயன்படுத்தற அளவுகோலுக்குப் பேரே 'வேலூர் கிரேடிங்'. சிஎம்சியில ஜேக்கப் சாண்டி 1949ல தொடங்கினது இந்தியாவோட முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை. அங்கேர்ந்து 1991ல வந்த கட்டுரையில பிறந்தது இந்த அளவுகோல். ஷன்ட் வெச்ச 114 பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்திருக்காங்க. நினைவு தெளிவா, கை கால் நல்லா இருந்து வந்தவங்க முதல் கிரேடு, அதுல 20 சதவீதம் பேர் இறந்திருக்காங்க. ஆழ்ந்த மயக்கத்துல வந்தவங்க நாலாவது கிரேடு, அதுல ஒருத்தரும் பிழைக்கலை. இப்போ மருந்தும் கவனிப்பும் மாறியிருக்கு, எண்ணிக்கையும் மாறியிருக்கும். ஆனா எந்த நிலையில போய்ச் சேர்றோம்கறதுதான் முக்கால்வாசி முடிவுங்கறது மாறலை.

கூப்பிட்டா கண் திறக்கறவங்க மூணாவது கிரேடாம். "ம், வந்துட்டோமா?" அந்தக் குரலுக்கும் புதன்கிழமை கிள்ளலுக்கும் நடுவுல இருந்த ரெண்டு நாள் என்னோடது. தலைநோவு, கண்ணாடிக் கடை, மந்திரம் எல்லாம் தெரியாம செஞ்சது. இது தெரிஞ்சவங்க எதிர்ல உட்கார்ந்து சொன்ன அப்புறம் செஞ்சது.

பாப்பா பிழைச்சுட்டா. செப்டம்பர் 12 வீட்டுக்கு வந்தா. 16ஆம் தேதி ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்: கல்ச்சர்ல டிபி கிருமி வளர்ந்திருக்கு, எல்லா மருந்துக்கும் கட்டுப்படற ரகம்தான். நான் கேட்ட நிச்சயம் 33 நாள் கழிச்சு வந்துச்சு. டாக்டரம்மா அன்னிக்கு ராத்திரி மருந்து ஆரம்பிக்காம இருந்திருந்தா அந்த போனை எடுத்து நான் என்ன பேசியிருப்பேன்?

பன்னிரண்டு மாசம் மாத்திரை, எல்லாம் அரசாங்கமே இலவசமா குடுத்துச்சு. சத்துணவுக்குன்னு அப்போ மாசம் 500 ரூபாய் வங்கிக் கணக்குல வரும் (2024 நவம்பர்லேர்ந்து அது ஆயிரம்). மாத்திரையால சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போறதைப் பார்த்து சித்தி அலறினதும், அது மருந்தோட கலர்தான்னு தெரிஞ்சு சிரிச்சதும் தனிக்கதை. தெருவுல கேட்டவங்களுக்கு 'மூளைக் காய்ச்சல்'னு மட்டும்தான் சொல்லிச்சு சித்தி. டிபின்னு சொல்லலை. பொண்ணு கல்யாணம். பாப்பாதான் ஒரு நாள் கேட்டா: "சொல்லாம மறைச்சா, அடுத்தவளுக்கு தலை நோவு வந்தா எப்படிம்மா தெரியும்?" அதுக்கப்புறம் சித்தியே சொல்ல ஆரம்பிச்சுது. இந்தப் பதிவும் பாப்பா படிச்சுப் பார்த்துட்டு சரின்னு சொன்னதுதான்.

இடது கை விரல்கள் இன்னும் மெதுவாத்தான் வருது. தையல் மிஷின்ல உட்கார முடியலை. ஒன்றரை வருஷம் கழிச்சு பேக்கிங் செக்‌ஷன்ல சேர்ந்தா. காதுக்குப் பின்னால தொட்டா ட்யூப் தட்டுப்படும். 'நான் ப்ளம்பிங் பண்ணின வீடு'ன்னு அவளே கிண்டல் பண்ணிப்பா. அந்த 1,400 ரூபாய் கண்ணாடி மட்டும் என் மேசை டிராயர்ல இருக்கு. அதை அவ ரெண்டு நாள்தான் போட்டா. தூக்கிப் போட மனசு வரலை.

சரி, தெருப் பையன் கதைக்கு வர்றேன். அவங்கம்மாவை நச்சரிச்சு, லீவு போட்டு, நானே வண்டியில உட்கார வெச்சு வேலூருக்குக் கூட்டிட்டுப் போனேன். தேதி எழுதின சீட்டு கையில. டாக்டர் எல்லாத்தையும் கேட்டுட்டு, கண்ணுல டார்ச் அடிச்சு, கழுத்தை மடக்கிப் பார்த்துட்டு, "சைனஸ்தான், ஆவி பிடிங்க"ன்னு அனுப்பிட்டார். "ஒரு நாள் கூலியும் போச்சு, பெட்ரோலும் போச்சு"ன்னு அந்தம்மா வழி நெடுக திட்டிக்கிட்டே வந்தாங்க. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில இதுதான் முதல் தடவை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதறவன். ரெண்டு வாரத்துக்கு மேல தலைநோவு, கூட சாயங்காலக் காய்ச்சல், வாந்தி, கண்ணுல ரெண்டா தெரியறது, பேச்சுல குழப்பம்னு சேர்ந்தா தேதி போட்டு எழுதிக்கிட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. முதுகுல தண்ணி எடுக்கணும்னா பயத்தை, சந்தேகத்தை டாக்டர்கிட்டயே கேளுங்க, வார்டுல கேக்காதீங்க. உங்க வீட்டுல இப்படி ஏதாவது நடந்திருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. பாப்பாவும் படிப்பா.